கடற்காற்று வரும் நேரம்



"இந்த வெயிலுக்குப் பூங்காவாவது, உல்லாசமாவது! ஃபேனுக்கு அடியில கிடந்தாப் போதாதா?" என்று கேட்கிறவர் தூத்துக்குடியில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அது என் மாமியார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. மே, ஜூனில் 37, 38 டிகிரி எல்லாம் இங்கே சகஜம். போதாக்குறைக்குக் கடலோர ஈரப்பதம் வேறு. வியர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? நம் ஊரில் அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். விருந்துக்கு வந்த வெளியூர்க் குழந்தைகள் இரண்டாம் நாளே துவண்டு போவது இதனால்தான்.

அதற்காக லீவு முழுக்கப் பிள்ளைகளை டி.வி.க்கும் செல்போனுக்கும் ஒப்படைத்துவிட முடியுமா? நேரம் பார்த்துக் கிளம்பத் தெரிய வேண்டும். அந்த வித்தை நம் ஊருக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தோணிகள் நடுராத்திரி வாக்கில், கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்துப் போகும். விடிந்ததும் முங்க ஆரம்பித்து, உச்சிப்பொழுதில் கடற்காற்று எழும்பியதும் அதே காற்றில் கரை திரும்புவார்கள். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. ("முத்து எங்கம்மா?" என்று பிள்ளைகள் கேட்டால், ஊர்ப் பெயரில் இருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கிறேன்!) ஆனால் காற்று அதே காற்றுதான். பகலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் உள்ள சூடான காற்று மேலே போக, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது.

ஆகவே சாயங்காலம் ஐந்து மணிக்கு முன் படி இறங்காதீர்கள். காற்று மதியமே வந்துவிட்டாலும், தரையில் ஏறிய சூடு இறங்க அவ்வளவு நேரம் ஆகும். காலையில் என்றால் ஆறிலிருந்து எட்டுக்குள். ஆடி மாதத்தில் மட்டும் கணக்கு மாறும். மேற்கேயிருந்து கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும்போது கடற்காற்று அடங்கிப்போகும். அப்போது கண்ணில் மண் விழ நிற்பதைவிட வீட்டு மொட்டை மாடியே மேல்.

எங்கே போவது? ரோச் பூங்கா இருக்கிறது, ராஜாஜி பூங்கா இருக்கிறது, முத்துநகர் கடற்கரை இருக்கிறது. காணும் பொங்கலன்று ஊரே முயல் தீவுக்குப் புறப்படும். தை மாத வெயில் அதற்குத் தோது. சித்திரையில் அந்த மாதிரி முழுநாள் திட்டம் போடாதீர்கள். நம் பக்கத்துக் கடலில் அலை சிறிசுதான். அதை நம்பிக் குழந்தையைத் தனியே விடலாகாது, முழங்கால் தண்ணீரே போதும் ஆபத்துக்கு. உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும், செருப்போடு நடக்கட்டும்.

பூங்காவில் இரும்புச் சறுக்கு இருந்தால், குழந்தையை ஏற்றுமுன் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி அதில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே சுட்டால், குட்டைக் கவுன் போட்ட பிள்ளையின் தொடை என்னாகும்?

கைக்குழந்தைக்காரர்கள் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். கடற்காற்று ஆகாது என்று நாலு மாசக் குழந்தைக்குக் கம்பளிக் குல்லாய், கையுறை, மேலே ஒரு டர்க்கி டவல்! பெரியவர்கள் பிரியத்தில் செய்வதுதான். ஆனால் பச்சைக் குழந்தைக்கு உடம்புச் சூட்டை நம்மைப்போல் வெளியேற்றத் தெரியாது, மூடினால் உள்ளேயே தங்கும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். "வெக்கையா இருக்கு, ரெண்டு சங்கு தண்ணி குடு" என்பார்கள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம், எத்தனை வெயிலானாலும். உலக சுகாதார நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. அடிக்கடி பால் கொடுங்கள், நீங்கள் நிறையக் குடியுங்கள். குழந்தை ஒண்ணுக்குப் போவது குறைந்து, நாக்கு வறண்டு, சுணங்கிக் கிடந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். காரை நிறுத்திவிட்டு, "அஞ்சே நிமிஷம்" என்று தூங்கும் பிள்ளையை உள்ளே விட்டுப் போகவே கூடாது. கண்ணாடி ஏற்றிய கார் சில நிமிஷங்களில் அடுப்பாகிவிடும்.

ஓடியாடும் பிள்ளை திடீரென்று உடம்பு கொதிக்க, பிதற்றினாலோ, வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. காய்ச்சல் மாத்திரை அதற்குக் கேட்காது. நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஒருவர் 108-க்குப் போன் போடட்டும். நினைவில்லாத குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

குடிக்க, உப்புப் போட்ட நீர்மோரை மிஞ்ச ஒன்றுமில்லை. நுங்கு கிடைக்கும் நாளில் அதுவும் ஆகும். மக்ரூனை வீட்டுக்கு வந்து தின்னட்டும். தித்திப்பு தாகத்தைக் கிளப்பும், நம் ஊர் ஈரக்காற்றில் பொட்டலம் பிரித்த கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்தும் போகும்.

சாப்பாட்டு மூட்டையைப் பற்றி ஒரு சங்கதி. என் அடுத்த வீட்டுப் பெண் போன மாதம் சொன்னாள்: "எக்கா, பார்க்குக்குப் போயும் நான்தான் சோறு போடுதேன், நான்தான் கை கழுவ ஊத்துதேன், வந்து பாத்திரமும் நான்தான் தேய்க்கேன். இதுக்கு வீட்டுலேயே இருந்துட்டுப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. புளிசாதம், எலுமிச்சை சாதம், அப்பளம் எல்லாம் வேண்டாம், தண்ணீரும் முறுக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு போ, ராத்திரிக்குப் பரோட்டா வாங்கிக்கொள்ளலாம், பையை அவர் தூக்கட்டும் என்றேன். அடுத்த ஞாயிறு அப்படியே செய்தாளாம். அவர் பிள்ளைகளோடு ஊஞ்சல் பக்கம் போய்விட்டார். என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலக்கா. கடல்ல எத்தன கப்பல்ல விளக்கு எரியுதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்."