கொரியக் குழம்பும் ‘அசல்’ வாதக்காரரும்

உணவைப் பற்றி வாதம் புரிவோரை நாம் வெறுப்பவரல்லோம். வயிறு உள்ள மனிதனுக்கு வாயும் உண்டு. வாய் உள்ளவன் வாதிப்பான். ஆனால், ஆவி பறக்கும் ஒரு கிண்ணக் குழம்பை முன்னே வைத்துக்கொண்டு, “இஃது அசலன்று, போலி” என்று தீர்ப்புக் கூறி, அத்தீர்ப்பினாலேயே சமைத்தவளையும் உண்பவனையும் ஒருங்கே தாழ்த்தி மகிழும் கூட்டம் ஒன்று இப்பொழுது பெருகி வருகின்றது. அதைக் கண்டும் வாளாவிருக்க நம்மால் இயலவில்லை.

சென்ற மாதம் சம்பளக் கணக்கை முடித்துவிட்டுக் கோலாலம்பூர் சென்றிருந்த நாம், கொரியர் பலர் குடியிருக்கும் அம்பாங் வட்டாரத்தில் ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் அமர்ந்திருந்தோம். அடுத்த மேசையில் நம்மவர் மூவர். கற்றவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவர்கள் முன் புதே ஜிகே என்னும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர்களுள் ஒருவர், “டின் இறைச்சியும் மீயும் போட்டது கொரியக் குழம்பாகுமா? அசல் ஜிகே என்றால் பாட்டி கையால் செய்த சோயா விழுதில் அல்லவா இருக்க வேண்டும்!” என்றார். மற்ற இருவரும் தலையசைத்தனர். தட்டு எடுக்க வந்த கொரியப் பெண் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். அவளுக்கு அவர்கள் பேச்சு விளங்காதது நல்லதாயிற்று.

தோட்டத்துக் கிராணிக்கும் கொரியக் குழம்புக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் நகைக்கலாம். நகைக்க வேண்டா. எங்கள் தோட்டத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் கொரிய நாடகம் பாராத வீடு அரிது. பட்டணத்து அங்காடியில் கிம்ச்சிப் புட்டி வாங்கிவந்து, நம் வீட்டடுப்பிலேயே குழம்பு வைத்துப் பார்க்கும் பெண்களும் இருக்கின்றனர். அவர்களையே இந்த ‘அசல்’ வாதம் முதலில் சுடுகின்றது.

ஜிகே என்பது சோற்றோடு உண்ணுவதற்காகக் கொரியர் வைக்கும் குழம்பு. சூப்பைவிடக் கெட்டியானது, உப்பும் உறைப்பும் மிகுந்தது. புளித்த கிம்ச்சியில் வைப்பது ஒன்று. துவென்ஜாங் என்னும் சோயா விழுதில் வைப்பது ஒன்று. இளந் தௌஃபு இட்டு வைப்பது ஒன்று. இவற்றுள் எதை எடுத்தாலும் ‘பண்டைக்காலம் தொட்டு மாறாதது’ என்று சாதிப்போர் கொரியாவிலேயே உளர். கொரியாவைக் கண்ணால் காணாதவருள் இன்னும் அதிகமாக உளர்.

அவர்கள் முதலில் மிளகாய்க்கு விடை கூறட்டும். சிவந்த நிறமும் உறைப்புமே கொரியக் குழம்பின் உயிர் என்கின்றனர். அந்த மிளகாய் பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். யி சு-க்வாங் என்னும் கொரிய அறிஞர் 1614இல் எழுதிய ‘ஜிபொங் யுசொல்’ என்ற நூல் மிளகாயை ‘ஜப்பான் கடுகு’ என்றே குறிப்பிடுகின்றது. வந்த வழியைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. கிம்ச்சியில் மிளகாய் சேர்க்கும் முறை 1766ஆம் ஆண்டின் வேளாண்மை நூலொன்றில் காணப்படுகின்றது. அதற்கு முன் நெடுங்காலம் கொரியர் மிளகாயின்றியே காய்கறிகளை உப்பிலிட்டுப் புளிக்கவைத்து உண்டனர். மிளகாய் எம் மண்ணிலேயே ஆதிமுதல் விளைந்தது என்று நிலைநாட்ட முயன்ற கொரிய ஆராய்ச்சியாளரும் சிலர் உண்டு; பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. நாம் அவர்களை எள்ளி நகையாட மாட்டோம். நம் மொழியிலும் ‘மிளகாய்’ என்ற சொல்லே, இது மிளகுக்குப் பின்வந்த காய் என்று உரக்கக் கூறுகின்றது. ஆயினும் மிளகாயில்லாத மீன் குழம்பை வைத்தால் நம் வீட்டில் எத்தனை பேர் கை நனைப்பர்?

கிம்ச்சிக்கென்றே பிறந்தது போல் இன்று தோன்றும் சீன முட்டைக்கோசின் கதையும் இவ்வாறே. யுத்த காலத்துக் கொரியாவில் நல்ல விதை இல்லை. 1950இல் ஜப்பானிலிருந்து கொரியா சென்ற ஊ ஜாங்-சுன் என்னும் விஞ்ஞானி, 1959இல் இறக்கும் வரை கோசு, முள்ளங்கி ஆகியவற்றின் விதைகளைச் செம்மைப்படுத்தப் பாடுபட்டார். ‘பாட்டி காலத்துச் சுவை’ என்று போற்றப்படும் கிம்ச்சியில் ஒரு விதை ஆராய்ச்சிக்காரரின் கைவரிசையும் கலந்திருக்கின்றது.

எங்கள் தோட்ட ஸ்டோரில் ஒரு பேரேடு உண்டு. வரவு எழுதாமல் இருப்பை மட்டும் எழுதிக் காட்டுபவனைத் தணிக்கையாளர் விடமாட்டார். அசல் வாதக்காரரோ இருப்பை மட்டுமே காட்டுகின்றனர். எந்தக் கப்பலில், எந்த ஆண்டில், யார் கையால் வந்தது என்னும் பக்கத்தைக் கிழித்துவிட்டனர்.

நிற்க. அந்த மூவர் இகழ்ந்த புதே ஜிகேக்கு வருவோம். ‘புதே’ என்றால் படைப்பிரிவு. பட்டாளக் குழம்பு என்று நாம் கொள்ளலாம். 1950 ஜூன் 25இல் தொடங்கிய கொரிய யுத்தம் 1953 ஜூலை 27இல் போர்நிறுத்த உடன்படிக்கையோடு ஓய்ந்தபோது, அந்நாட்டில் வீடிழந்தோர் எத்தனை, உணவிழந்தோர் எத்தனை என்று சொல்லி முடியாது. அமெரிக்கப் பட்டாள முகாம்களைச் சுற்றி ஜனங்கள் கூடினர். முகாம் சமையற்கட்டில் கழித்தெறிந்தவற்றைப் பொறுக்கிக் கொதிக்கவைத்து விற்ற ஒரு கஞ்சிக்குப் ‘பன்றிக் கஞ்சி’ என்று அவர்களே பெயர் வைத்தனர். அதில் சில வேளை சிகரெட்டுத் துண்டும் கிடந்ததென அக்காலத்தைக் கண்டவர்கள் நினைவு கூர்ந்திருக்கின்றனர். பசியென்பது அங்கே அவ்வளவு.

முகாமிலிருந்து டின் இறைச்சியும் சாசேஜும் மறைவாக வெளியே வந்தன. ஸியோலுக்கு வடக்கே உய்ஜொங்பு நகரில், 1960இல் சிறு கடை தொடங்கிய ஹோ கி-சுக் என்ற அம்மையாரே இக்குழம்பை முதலில் வைத்தவர் எனப் பலரும் கூறுவர். வாடிக்கையாளர் கொணர்ந்த இறைச்சியை முதலில் வதக்கிக் கொடுத்தார். பின்னர், சோற்றுக்குக் குழம்பு வேண்டுமென்று கேட்கவே, அதில் கிம்ச்சியும் மிளகாய் விழுதும் நீரும் சேர்த்தாராம். அன்னிய நாட்டு உப்பிறைச்சியின் கொழுப்பைத் தம் நாட்டுப் புளிப்பால் வெட்டியெடுத்த அந்தப் புத்தியைச் சமையற்கலை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அதில் மீ சேர்ந்ததும் பின்னாளில்தான்; கொரியாவின் முதல் உடனடி மீ 1963இல்தான் விற்பனைக்கு வந்தது. அந்த டின் இறைச்சியைக் கொரியாவிலேயே செய்யத் தொடங்கியது 1987இல். இன்று அறுவடைத் திருநாளில் அதையே அழகிய பெட்டியில் வைத்து உறவினர்க்குப் பரிசளிக்கின்றனர்.

இக்குழம்பை வெறுக்கும் கொரிய முதியவர்களும் உண்டு. அன்னியன் கழித்ததை உண்டு உயிர் வாழ்ந்த நாட்களை அது நினைவூட்டுகின்றது என்பது அவர் வாதம். அவர் முன் நாம் தலை வணங்குவோம். அவ்வெறுப்பு பட்டவரின் வெறுப்பு. அம்பாங்கில் குளிர்காற்றுப் பெட்டியின் கீழ் அமர்ந்து, ‘அசலன்று’ என்று உதட்டைப் பிதுக்குபவரின் வெறுப்போ வேறு. முன்னவர் பசியை மறக்கவில்லை. பின்னவருக்கு அப்பசி நடந்ததே தெரியாது; தெரிந்தும் அதைச் சரித்திரத்தில் சேர்க்க அவருக்கு மனமில்லை. அரச குடும்பத்து அடுக்களையில் பிறந்திருந்தால் அதே குழம்பை அவர் ‘பாரம்பரியம்’ என்றிருப்பார். ஏழைகள் கூட்டிச் சேர்த்தது கலப்படம். அரண்மனை கூட்டிச் சேர்த்தது கலை! இந்தத் தராசைத்தான் நாம் மறுக்கின்றோம்.

அப்படியானால் எவரும் எதையும் இட்டு எப்பெயரும் சூட்டலாமோ என்று கேட்பர். இல்லை. இந்த இரண்டாவது கூட்டத்தாரிடமும் நமக்குப் பரிவில்லை. புதுக் கோசில் மிளகாய்த்தூளும் வினிகரும் தூவிக் கொதிக்கவிட்டு, ‘இதுதான் கிம்ச்சி ஜிகே, எம் விருப்பம்’ என்பாருமுண்டு. கிம்ச்சி ஜிகேக்கு நன்கு புளித்த பழைய கிம்ச்சி வேண்டும் என்பது சாஸ்திர விதியன்று, காரணமுள்ள விதி. வாரக்கணக்கில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய புளிப்பே பன்றிக் கொழுப்பின் திகட்டலை நீக்குகின்றது. புட்டியின் அடியிலுள்ள சாற்றையும் சேர்த்து ஊற்றுவது அதனாலேயே. புளிக்காத கிம்ச்சியில் வைத்தால் காரமுள்ள கோசுத் தண்ணீர் கிடைக்கும், குழம்பு கிடைக்காது. ஜப்பானியர் புளிக்கவைக்காமலே அமிலம் சேர்த்து விற்ற சரக்கைப் பற்றிய தகராற்றின் பின், 2001இல் உலக உணவுத் தரக்குழு கிம்ச்சிக்கு வகுத்த இலக்கணத்திலும் புளித்தலே முதன்மை பெற்றது. அதுவும் நியாயமே. 2020இல் சீனத்துப் பாவ்சாய் ஊறுகாய்க்குத் தரப்பத்திரம் வந்தபோதோ, கிம்ச்சியைச் சீனர் கவர்ந்துவிட்டனர் என்று பெருங்கூச்சல் எழுந்தது. அப்பத்திரத்திலேயே ‘இது கிம்ச்சிக்குப் பொருந்தாது’ என்று எழுதியிருந்தது. பத்திரத்தைப் படியாமல் சண்டையிடும் வழக்கம் எங்கள் ஆபீசுக்கும் புதிதன்று.

ஆகவே, ‘ஏன்?’ என்று கேட்டால் விடை தரும் விதியை நாம் ஏற்போம். நெத்திலியின் தலையையும் குடலையும் நீக்கிவிட்டே கொரியர் குழம்புநீர் காய்ச்சுகின்றனர். ஏன்? கசக்கும். இதை நம் தோட்டத்துப் பெண் எவரும் ஒப்புக்கொள்வர். வீட்டில் செய்த துவென்ஜாங்கை நெடுநேரம் கொதிக்கவிடுவர். ஆலைத் துவென்ஜாங்கைப் பின்னால் கரைத்துச் சிறிது கொதித்ததும் இறக்குவர். ஏன்? முன்னது கொதிக்கக் கொதிக்கச் சுவை ஏறும். பின்னது நெடுநேரம் கொதித்தால் சுவை குன்றும். ஆலை விழுதில் வைத்தது அசலன்று என்பவரோ இந்த வேறுபாட்டைக் கூட அறியார். சீட்டைப் பார்த்தே சுவையைத் தீர்மானிப்பார்.

அந்தப் ‘பாட்டி கை’ விவகாரத்தையும் கேட்டுவிடுவோம். கொரியர் ‘சொன்மாத்’ என்பர். கைச்சுவை என்று பொருள். இனிய சொல்தான். அந்தக் கை என்ன செய்தது? குளிர்காலத் தொடக்கத்தில் சோயா அவரையைப் பானை பானையாய் வேகவைத்து, இடித்துக் கட்டிகளாக்கி, வைக்கோலால் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தியது. குளிர் தணிந்ததும் அவற்றை உப்புநீர்ச் சாடியில் இட்டு, இரண்டு மாத அளவில் நீரை வடித்துச் சோயாச் சாறாகவும், கட்டியைப் பிசைந்து விழுதாகவும் பிரித்தது. பின்னும் மாதக்கணக்காய்ச் சாடியைத் திறந்து வெயில் காட்டி, மழை கண்டால் ஓடிப்போய் மூடியது. கோசு கிம்ச்சி வேலை தனி. இத்தனையும் பெண்ணின் கை. உண்டு ‘அசல்’ என்றது பெரும்பாலும் ஆணின் வாய். இன்று ஸியோலில் அடுக்குமாடி வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பெண், ஆலை விழுதில் குழம்பு வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறிடுகிறாள். அவளை நோக்கி ‘பாரம்பரியத்தைக் கைவிட்டாய்’ என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லுகின்றவர் தாமே ஐந்து கிலோ அவரையை வேகவைத்து இடித்துக் காட்டட்டும். அவர் சாடியை மூட மழையில் நாமும் உடன் ஓடுவோம்.

அம்பாங் கடையில் நாம் எழுந்தபோது அந்த மூவரும் இன்னும் வாதித்துக்கொண்டிருந்தனர். பட்டாளக் குழம்புச் சட்டியில் ஒரு துண்டு டின் இறைச்சியும் மிஞ்சவில்லை என்பதையும் எழுதிவைக்கின்றோம்.