சும்மா நிற்பதற்கு ஒரு கையெழுத்து

ஆபீஸ் நாற்காலி உபயத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு பிசியோதெரபிக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். சில இடங்களில் அறை ஓரமாக ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பான். நம் ஊரில் அவன் ஸ்டூடண்ட். அமெரிக்காவில் அதுகூட இல்லை. ஸ்டூடண்ட் ஆவதற்கு மனுப் போடப் போகிறவன்!

நம் ஊரில் ப்ளஸ் டூவுக்கு அப்புறம் நேரே பி.பி.டி. அங்கே முதலில் ஒரு டிகிரி, அப்புறம் சுமார் மூன்று வருஷம் டி.பி.டி. என்ற டாக்டர் பட்டம். பி.டி.காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் ஒரு பகுதி: எந்தெந்த இடத்தில், எத்தனை மணி நேரம் நின்று பார்த்தாய்? சில காலேஜ்கள் இதைக் கேட்பதில்லை. சில, நூறு மணி வரை கேட்கின்றன. பல இடங்களில் லைசென்ஸ் உள்ள தெரபிஸ்ட் சாட்சி சொல்ல வேண்டும். வவுச்சர் இல்லாத செலவு செல்லாது என்கிற மாதிரி. பி.காம். படித்த எனக்கு இது மட்டும் உடனே புரிந்தது.

நியூஜெர்சியில் பெரியப்பா பேரன். போனில், "சித்தப்பா, எண்பது மணி முடிச்சாச்சு" என்றான்.

"எங்கேடா?"

"ஒரே கிளினிக். ஸ்போர்ட்ஸ் இன்ஜுரி."

எண்பது மணியும் முழங்கால், தோள்பட்டை. வந்தவர்களெல்லாம் எப்படியும் எழுந்து ஓடப் போகிற வாலிபர்கள். அவன் குறி வைத்த காலேஜோ, ஆஸ்பத்திரி வார்டிலும் பார்த்திருக்க வேண்டும் என்றது. முனகிக்கொண்டே போனான். தடுப்பூசி, டி.பி. டெஸ்ட், ரகசியம் காக்கிற காகிதம். ஹிப்பா என்று 1996-ல் வந்த சட்டம். நோயாளி பேரை அம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாது. (நம் குடும்பத்தில் இது பெரிய தண்டனை.)

பேர் சொல்லாமல்தான் சொன்னான். முந்தின நாள் முழங்கால் மாற்றின ஒரு பாட்டி. "வலிக்குது, நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். தெரபிஸ்ட் வாதாடவில்லை. "உங்க வீட்டுல கட்டில்லேருந்து பாத்ரூம் எத்தனை அடி?" என்று கேட்டாராம். பாட்டி யோசித்துச் சொல்ல, "அவ்வளவு தூரம் மட்டும் போவோமா?" இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டார். பாட்டி எழுந்துவிட்டார். தொடக்கூடாத நம்ம பையனுக்குத்தான் வேர்த்துவிட்டது.

அடுத்து குழந்தைகள் பிரிவு. பொம்மையை வைத்து விளையாடுகிறார்களே, இதற்கா டாக்டர் பட்டம் என்று நினைத்தான். பொம்மை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இடம் மாறுவதும், குழந்தை பலவீனமான காலை ஊன்றித்தான் அதை எட்ட வேண்டியிருப்பதும் இரண்டாம் நாள்தான் தெரிந்தது.

"சும்மா நிக்கிறதுக்கு எதுக்குடா இத்தனை மணி?" என்று அவன் அப்பா, அதாவது எங்கள் அண்ணன், கோபப்பட்டார். மூன்று வருஷ ஃபீஸுக்குக் கடன் வாங்குவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லதுதானே? என்னைக் கேட்டால், ஒரே இடத்தில் எண்பதைவிட நாலு இடத்தில் இருபது மேல். ஆனால் பார்ட் டைம் வேலை பார்த்துப் படிக்கிறவன் சம்பளமில்லாமல் நிற்க எங்கே போவான்? கிளினிக்கில் சம்பளத்துக்கு எடுபிடி வேலை பார்த்தாலும் பல காலேஜ்கள் அதை ஒப்புக்கொள்கின்றன. 2020-ல் கோவிட் கதவைச் சாத்தியபோது பலர் விதியையே தளர்த்தினார்கள்.

கடைசியாக ஒரு முதியோர் இல்லம். பக்கவாதம் வந்த ஒரு தாத்தா. தினமும் அதே பத்து அடி, அதே கம்பி. முதல் வாரம், "இது எனக்குச் சரிப்படாது சித்தப்பா" என்றான். நானும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வாரம் தாத்தா ஒரே ஒரு படி ஏறினார். அன்றைக்கு மட்டும் தாளில் கையெழுத்து வாங்க மறந்து காரை எடுத்துவிட்டானாம்.