சேத்தம் விமானிகள் மீது விழுந்த பழி

1918 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் கரையோரம், ஆர்லீன்ஸ் ஊருக்கு எதிரே யூ-156 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி காலையில் நீருக்கு மேலே வந்தது. பெர்த் அம்பாய் என்ற இழுவைக் கப்பலையும் அதன் பின்னால் வந்த நான்கு பார்ஜ்களையும் பீரங்கியால் சுடத் தொடங்கியது. சில குண்டுகள் கரையிலேயே விழுந்தன. சில மைல் தெற்கே, சேத்தம் ஊரின் நிக்கர்சன்ஸ் நெக் நிலமுனையில், கடற்படையின் வான்கப்பல்களும் கடல்விமானங்களும் கொண்ட நிலையம் இருந்தது.

அந்த நிலையத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கதைதான் வரும். எதிரி வாசலுக்கு வந்தபோது விமானிகள் பேஸ்பால் ஆடப் போயிருந்தார்களாம். வந்தவர்களும் தாமதமாக வந்தார்களாம். அவர்கள் போட்ட குண்டு வெடிக்கவில்லை, கடைசியில் தளபதி கையில் கிடைத்த ஸ்பேனரைத் தூக்கி வீசினாராம். அத்தனை செலவில் கட்டிய நிலையம் வீண் என்று கதை முடியும். இதில் சில துணுக்குகள் உண்மை. அவற்றைக் கோத்து எடுத்த முடிவு அநியாயம்.

பேஸ்பாலை முதலில் பார்ப்போம். நிலையத்து ஆட்களில் ஒரு பகுதியினர் புராவின்ஸ்டவுனில் விளையாடப் போயிருந்தார்கள் என்பது மெய்தான். வாரம் முழுக்கக் கடலுக்கு மேல் ரோந்து போகிறவர்களுக்கு ஞாயிறு விடுப்பு குற்றமா? அன்று தரையில் விமானங்கள் குறைவாக இருந்ததற்கு அந்த ஆட்டம் காரணமும் அல்ல. நிலையத்தின் வான்கப்பல் ஒன்று காணாமல் போயிருந்தது. அதைத் தேடித்தான் பெரும்பாலான விமானங்கள் கடலுக்கு மேல் போயிருந்தன. அந்தக் கால வான்கப்பல் என்றால், ஹைட்ரஜன் அடைத்த நீண்ட பையும் அதன் கீழே தொங்கும் ஒரு விமான உடலும்தான். என்ஜின் நின்றால் காற்று இழுத்த பக்கம் போக வேண்டும். அங்கே அந்தப் பக்கம் அட்லாண்டிக். சக ஆட்களைத் தேடிப் போனவர்களைத்தான் ‘ஆடப் போனவர்கள்’ என்று கதை சுருக்கிவிட்டது.

தாமதம் என்ற குற்றச்சாட்டு இன்னும் பலவீனமானது. நிலையம் முறைப்படி இயங்கத் தொடங்கியதே அந்த ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி. ராடார் என்ற ஒன்றே இல்லாத காலம். ஆர்லீன்ஸ் கடற்கரைக் காவல் நிலையத்து ஆட்கள் கண்ணால் பார்த்து, தொலைபேசியில் சொல்லி, அந்தச் செய்தி வந்த பிறகுதான் என்ஜினையே முடுக்க முடியும். அப்படியிருந்தும் தாக்குதல் தொடங்கி ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முதல் விமானம் நீர்மூழ்கியின் தலைக்கு மேல் இருந்தது. இன்றைக்கும் அது குறைசொல்லும் வேகமில்லை.

இனி குண்டு. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் வந்தது எச்எஸ்-1எல் ரகப் பறக்கும் படகு. ஓட்டியவர் எரிக் லிங்கார்ட். முன்னால் குண்டுக்குப் பொறுப்பாக எட்வர்ட் ஷீல்ட்ஸ். கூடவே மெக்கானிக் எட்வர்ட் ஹோவர்ட். நீர்மூழ்கிக்கு நேர் மேலே வந்ததும் ஷீல்ட்ஸ் விசையை இழுத்தார், குண்டு கழலவில்லை. லிங்கார்ட் வட்டமடித்து, இன்னும் தாழ, சில நூறு அடி உயரத்தில் மறுபடி வந்தார். அப்போதும் விசை அசையவில்லை. ஹோவர்ட் இருக்கையை விட்டு எழுந்து கீழ் இறக்கையின் மேல் ஏறி, ஒரு கையால் இறக்கைத் தாங்கியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் குண்டை விடுவித்தார். பறக்கும் விமானத்தின் இறக்கை மீது, கீழே எதிரியின் பீரங்கி இருக்க, காற்றின் வேகத்தில் ஒரு மனிதர் நின்று செய்த வேலை அது. குண்டு நீர்மூழ்கிக்கு மிக அருகில் நீரில் விழுந்தது. நமத்துப்போன பட்டாசைப் போல அடங்கிவிட்டது.

பிறகு ஆர்-9 கடல்விமானத்தில் தளபதி பிலிப் ஈட்டனே வந்தார். நீர்மூழ்கி அவரைச் சுட்டது. அவர் விலகவில்லை, தாழ வந்து குறிபார்த்துப் போட்டார். அந்தக் குண்டும் வெடிக்கவில்லை.

இரண்டு விமானங்கள், இரண்டு குண்டுகள், இரண்டும் இலக்கை ஒட்டி விழுந்தன, இரண்டும் வெடிக்கவில்லை. இதில் விமானிகள் செய்த பிழை எது? குண்டை அவர்கள் செய்யவில்லை. சோதித்து அனுப்பும் பொறுப்பும் அவர்களுடையது அல்ல. வெடித்தாலும் அந்தச் சிறு குண்டுகளின் சக்தி போதாது என்பதைக் கடற்படையே உணர்ந்திருந்தது. அதனால்தான் அடுத்து வந்த எச்எஸ்-2எல் விமானத்துக்கு இறக்கையை நீட்டி, 230 பவுண்டு குண்டு சுமக்கும்படி செய்தார்கள். ஆயுதக் கிடங்கின் குறையை விமானியின் தலையில் கட்டுவது எளிது. ஊர் பார்த்தது விமானியைத்தானே! ஆர்லீன்ஸ் மருத்துவர் ஒருவர் நடப்பதைத் தொலைபேசியில் பாஸ்டன் நாளிதழுக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டு விழுந்தது, வெடிக்கவில்லை என்பதைக் கரையிலிருந்து பார்க்கலாம். ஏன் வெடிக்கவில்லை என்பதைப் பார்க்க முடியாது.

ஸ்பேனர் கதை மெய்யோ மிகையோ, அதனால் ஒன்றும் மாறாது. இருந்த குண்டு கைவிட்ட பிறகும் எதிரியின் தலைக்கு மேலேயே சுற்றிய ஒருவரைப் பற்றித்தான் அது சொல்கிறது.

நீர்மூழ்கியை மூழ்கடிக்காததால் நிலையம் வீண் என்ற கடைசிக் கூற்றில் கணக்கே தவறு. யூ-156 ரகக் கப்பல் நீருக்கு மேலே சுமார் 12 நாட் வேகத்தில் ஓடும். உள்ளே போனால் ஐந்துதான். இரண்டு 15 செ.மீ. பீரங்கிகளும் நீருக்கு மேலே இருந்தால்தான் பயன்படும். விமானத்தைக் கண்டு அது மூழ்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் பீரங்கிக்கு வேலையில்லை. அன்றும் ஈட்டன் தாக்கிய பிறகு யூ-156 சுடுவதை விட்டு நீருக்குள் போனது. பார்ஜ்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். இழுவைக் கப்பலில் சிலர் காயமடைந்தார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. குண்டு மழைக்கு நடுவே படகை இறக்கிய கடற்கரைக் காவலர்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நிலையத்தின் கதை முடியவும் இல்லை. 1919 மே 8 அன்று அட்லாண்டிக்கைக் கடக்க நியூயார்க்கின் ராக்கவேயிலிருந்து மூன்று கடற்படைப் பறக்கும் படகுகள் கிளம்பின. அவற்றில் என்சி-4 என்ஜின் கெட்டு நடுக்கடலில் இறங்கியது. இரவு முழுக்க நீரின் மேலேயே ஊர்ந்து அது கரையேறிய இடம் சேத்தம். அங்கேதான் அதைப் பழுது பார்த்தார்கள். மே 14 அன்று புறப்பட்ட அந்த விமானம், மே 27 அன்று லிஸ்பனில் இறங்கி, அட்லாண்டிக்கை முதன்முதலில் கடந்த விமானம் ஆனது. கூடக் கிளம்பிய மற்ற இரண்டும் அசோரஸ் தீவுகளுக்கு அப்பால் பறக்கவில்லை.