பழைய பாட்டும் புதிய பேழையும்

பழைய நூலொன்றைப் புதிதாகப் பதிப்பிக்க முற்படுவோன் இரண்டு குற்றங்களுக்கு அஞ்சவேண்டியவன். காலத்தாற் படிந்த அழுக்கை நூலின் பகுதியென மயங்கி அப்படியே விட்டுவிடுதல் ஒன்று. நூலாசிரியன் வேண்டி வைத்ததனையே அழுக்கெனக் கருதித் துடைத்தெறிதல் மற்றொன்று. முன்னது சோம்பலால் வருவது; பின்னது செருக்கால் வருவது. இவ்விரண்டனுள் பின்னதே கொடிது என்பது எமது துணிபு. ஒருவன் விட்ட அழுக்கைப் பின்வருவோன் நீக்கலாம். ஒருவன் அழித்த எழுத்தை யாரே மீட்க வல்லார்?

இவ்வுண்மை ஏட்டுச்சுவடிக்கு மாத்திரம் உரியதன்று. ஒலிநாடாவிற் பதிந்த பாட்டுக்கும் உரியது. இதற்குத் தக்க சான்றொன்று இங்கிலாந்திலே கிடைக்கின்றது. பீட்டில்ஸ் என்னும் றொக் இசைக்குழுவினரின் இசைத்தட்டுக்கள் யாவும், 2009 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் நாள், ஒலி புதுக்கப்பெற்றுப் பேழைகளாக வெளிவந்தன. மேனாட்டுக் கிற்றார்ப் பாட்டிலே தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று வினவுவார் நம்முள் இருத்தல் கூடும். பழையதைப் பேணும் நெறி எம்மொழிக்கும் எக்கலைக்கும் ஒன்றே என்பது அன்னார்க்கு எமது விடையாகும்.

ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் லிவர்ப்பூல் நகரத்தவர். இவர்தம் முதல் நீள் இசைத்தட்டு 1963 இலும், இறுதியாக வெளிவந்தது 1970 இலும் தோன்றின. இடைப்பட்ட காலம் ஏறக்குறைய ஏழாண்டே. அவ்வேழாண்டின் ஆக்கமெல்லாம் பதின்மூன்று தொகுதிகளாகவும், தனித்தட்டுக்களாய் வந்த பாட்டுக்களின் திரட்டாகவும் ஒரு பேழையுள் அடங்கின. 1987 இல் இவை முதன்முறையாக இறுவட்டுக்களாக வெளிவந்தபின், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தே இப்புதுக்கல் நிகழ்ந்தது.

புதுக்கல் என்பது யாதெனத் தெளிந்துகொள்ளுதல் நன்று. பாட்டொன்றைப் பதிவு செய்யுங்கால், குரலும் கருவிகளும் ஒலிநாடாவிலே தனித்தனித் தடங்களிற் பதியப்படும். பின்னர் அத்தடங்களை அளவறிந்து கலந்து, முடிந்த வடிவமாகிய மூலநாடாவை ஆக்குவர். இக்கலவையைக் குலைத்து, தடங்களை மீண்டும் எடுத்துப் புதிதாகக் கலப்பது மறுகலவை. கலவையைத் தொடாது, மூலநாடாவின் ஒலியை மாத்திரம் செம்மை செய்வது புதுக்கல். முன்னது உரைநடையைத் திருத்தி எழுதுவது போன்றது. பின்னது மங்கிய எழுத்தைத் தெளிவாக அச்சிடுவது போன்றது. 2009 இல் நிகழ்ந்தது பின்னதே.

அப்பணி இலண்டன் அபே றோட் ஒலிப்பதிவுக் கூடத்திலே நான்காண்டுகள் நடைபெற்றது. அப்பாட்டுக்களுட் பெரும்பாலன பிறந்த கூடமும் அதுவே. மூலநாடாவின் ஒலியை ஒரு நொடிக்கு 192,000 முறை அளந்து கணினியில் ஏற்றினர். சாதாரண இறுவட்டிலே அவ்வளவை நொடிக்கு 44,100 மாத்திரமே. மின்னிணைப்பால் எழுந்த சொடுக்கொலி, ஒலிவாங்கியில் மூச்சு மோதிய வெடிப்பு, நாடாவை வெட்டி ஒட்டிய இடத்தின் கரடு ஆகியவற்றைத் திருத்தினர். இவையெல்லாம் கருவியின் குறைகள். பாடினோர் வேண்டி வைத்தவை அல்ல. நாடாவின் இயல்பான இரைச்சலையோ பெரும்பாலும் விட்டுவிட்டனர். மொத்தம் 525 நிமிட இசையுள், இரைச்சல் நீக்கும் பொறியை ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பகுதியிலேயே கையாண்டனர்.

இரைச்சல் முழுவதையும் நீக்கவல்ல பொறி கையிலிருந்தும் அதனைப் பயன்படுத்தாது நின்றது ஏன்? இரைச்சலோடு பாட்டின் ஒரு கூறும் கழிந்துபோம் என்பதனாலேயே. கிற்றாரின் மெல்லிய அதிர்வும், குரல் ஓய்ந்தபின் கூடத்திலே தங்கும் எதிரொலியும், இரைச்சலோடு பின்னிக் கிடப்பவை. ஒன்றை அறுத்தால் மற்றொன்றும் அறும். செய்யவல்லதைச் செய்யாது நிற்கும் அடக்கமே அறிஞர்க்கு அழகு. இப்பேழையின் சிறப்பனைத்தும் இவ்வடக்கத்திலேயே தங்கியுள்ளது என்போம்.

சான்றொன்று காண்போம். முதல் இசைத்தட்டின் பதினான்கு பாட்டுக்களுள் பத்தினை 1963 பெப்ரவரி 11 ஆம் நாள் ஒரே நாளிற் பதிந்தனர். அன்று லெனனுக்குத் தடிமன். தொண்டையை வருத்தும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' என்னும் பாட்டை, அதனாலேயே ஈற்றில் வைத்திருந்தனர். காலை முதல் பாடிக் கிழிந்த குரலால் அவர் பாடிய முதற்பாட்டே இன்றும் நாம் கேட்பது. அக்குரலின் கரகரப்பைக் குறையென்று கருதி மழுப்பியிருந்தால், அப்பாட்டின் உயிரே போயிருக்கும். அவ்விசைத்தட்டிலேயே, 'பிளீஸ் பிளீஸ் மீ' என்னும் பாட்டின் ஸ்டீரியோ வடிவத்தில், பாடுவோர் ஓரிடத்திற் சொல் தடுமாறுவதும், அதனை உணர்ந்த லெனன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்வதும் கேட்கின்றன. அதனையும் விட்டுவைத்தனர். அச்சிரிப்பு பிழையன்று, இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் அங்கு நின்று பாடினான் என்பதற்குச் சாட்சி.

இனி, மற்றொரு பேழையையும் நோக்குவோம். அதே நாளில், மொனோ எனப்படும் ஒற்றைவழி ஒலியில் அமைந்த தொகுதிகளும் தனியே வெளிவந்தன. 1963 முதல் 1968 வரை வெளிவந்த தொகுதிகள் இதன்கண் அடங்கும். அக்காலத்து இங்கிலாந்தில் இல்லங்களிலிருந்த கருவிகளுட் பெரும்பாலன ஒற்றைவழியின. ஆதலின் குழுவினர் உடனிருந்து கவனித்ததும் ஒற்றைவழிக் கலவையையே. ஸ்டீரியோக் கலவையோ பலகால் அவர்கள் இல்லாமலே விரைந்து முடிக்கப்பட்டது. இவ்விரண்டும் வேறுபடும் இடங்கள் பல. 1967 இன் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' தொகுதியிலுள்ள 'ஷீஸ் லீவிங் ஹோம்' ஒற்றைவழியில் விரைந்தும் சுருதி உயர்ந்தும் ஒலிக்கும். 1968 இன் 'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்' பாட்டின் ஈற்றில் றிங்கோ ஸ்டார் எழுப்பும் கூச்சல் ஸ்டீரியோவில் உண்டு, ஒற்றைவழியில் இல்லை. இவை பாடபேதங்கள் அல்லவா? ஒன்றே மெய், மற்றொன்று பொய் எனத் தள்ளாது இரண்டையும் காத்து வைத்தலே முறை. அம்முறை இங்கு பேணப்பட்டது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாது விடுதல் நடுநிலை ஆகாது. 1965 இல் வெளிவந்த 'ஹெல்ப்', 'றபர் சோல்' என்னும் தொகுதிகளின் ஸ்டீரியோக் கலவை, இறுவட்டுக்காக ஜோர்ஜ் மாட்டின் என்னும் தயாரிப்பாளராலேயே மறுகலவை செய்யப்பெற்று 1987 இல் வெளிவந்தது. 2009 ஆம் ஆண்டு ஸ்டீரியோப் பேழையில் இடம்பெற்றதும் அம்மறுகலவையே. 1965 ஆம் ஆண்டின் ஸ்டீரியோ வடிவத்தை வேண்டுவோர் ஒற்றைவழிப் பேழையிலே, அதன் இணைப்பாகவே, அதனைக் காணல் கூடும். மூல வடிவம் பின்வாயிலால் வரவும், பின்வந்த வடிவம் முன்றிலில் வீற்றிருக்கவும் காண்கின்றோம். மறுகலவை செய்தவர் முதலிலே அப்பாட்டுக்களைத் தயாரித்தவரே ஆயினும், 1965 இல் மக்கள் கேட்டது எதுவோ அதுவே வரலாறு. ஆக்கியோன் தானும் தன் பழைய ஆக்கத்தை மறைத்தற்கு உரியனல்லன் என்பது எம் கருத்து.

அதே பாட்டுக்களை மீண்டும் விற்றுப் பொருளீட்டும் தந்திரமே பேழை என்று கடிந்துரைப்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. முன்னரே விலைகொடுத்து வாங்கியவன் மீண்டும் வாங்கத் தூண்டப்படுகின்றான். ஆயினும் வணிகர் இலாபம் பெறுதல் ஒன்றே ஒரு பதிப்பைப் பழிக்கப் போதிய காரணமாகாது. நல்ல நூலை அச்சிடுவோரும் விலைக்கே விற்கின்றனர். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: வாங்குவோன் கையில் மூலம் பழுதின்றிச் சேர்ந்ததா? அங்ஙனம் சேர்ந்ததாயின் விலை நியாயமானதே.

மேலும், தொகுத்து நோக்குதலால் வரும் பயன் தனித்தட்டால் வாராது. 1963 இல் இரண்டு தடங்களில் எளிய காதற்பாட்டுப் பாடியோர், 1967 இல் நான்கு தடங்களே கொண்டு, நாடாவிலிருந்து நாடாவுக்கு ஒலியை மாற்றி மாற்றி அடுக்கி, முன்கண்டறியாத இசையை எழுப்பினர். 1969 இன் 'அபே றோட்' தொகுதிக்கோ எட்டுத் தடங்கள் இருந்தன. வரிசையாகக் கேட்பவன் ஒரு கலையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் காண்கின்றான். இளைய மாணாக்கர்க்கு யாம் கூறுவதும் இதுவே: புகழ்பெற்ற நாலைந்து பாட்டை மாத்திரம் பொறுக்கிக் கேளாதீர், முதலிலிருந்து முறையாகக் கேட்பீராக.

இன்று பொறிகளின் ஆற்றல் 2009 இல் இருந்ததைவிடப் பெரிது. ஒரே தடத்திற் கலந்துபோன குரலையும் கருவியையும் கணினி பிரித்துத் தருகின்றது. 1970களின் பிற்பகுதியில் லெனன் தம் இல்லத்திலே பியானோவுடன் பதிந்த குரலை இங்ஙனம் பிரித்தெடுத்தே, 'நவ் அண்ட் தென்' என்னும் பாட்டு 2023 இல் வெளியிடப்பெற்றது. செய்ததை மறையாது கூறினமையால் அதனைக் குறைகூறோம். ஆனால் இத்தகைய ஆற்றல் வளருந்தோறும் ஆசையும் வளரும். மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள வேறுபாட்டை அமுக்கி, யாவற்றையும் உரத்து ஒலிக்கச்செய்யும் வழக்கம் முன்னரே பல பழைய பாட்டுக்களைக் கெடுத்துள்ளது. மென்மை இல்லாதவிடத்து வன்மைக்குப் பொருளில்லை என்பதை அறியாதார் செயல் அது.

ஆகவே பழைய பாட்டைப் புதுக்குவோர் மூன்றினைக் கடைப்பிடித்தல் வேண்டும். மூலத்தை என்றும் எவர்க்கும் எட்டும் இடத்தில் வைத்தல். செய்த திருத்தம் யாதென வெளிப்படக் கூறுதல். ஐயம் நேர்ந்தவிடத்துக் கைவையாது விடுதல். ஆக்கியோர் மறைவர்; அவரை அறிந்தோரும் மறைவர்; எஞ்சுவது நாடாவிற் பதிந்த ஒலி ஒன்றே. அது நம் காதுக்கு இனிதாக இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டிலும், அவர் வாயிலிருந்து எழுந்தவாறே இருத்தல் வேண்டும் என்பதே பெரிது.