ரப்பர் ஸ்டாம்ப் நமக்கு வேண்டாம்

குடியரசுத் தலைவர் பதவியை ஏற்கமாட்டேன் என்று மாயாவதி சொன்னது சரியா, தவறா? "ராஷ்டிரபதி பவனில் பெஹன்ஜி உட்கார்ந்திருந்தால் நமக்கு எவ்வளவு பெருமை!" என்று ஏங்கும் தோழர்கள் இன்றும் உண்டு. அவர் மறுத்தது சரி என்பதே எங்கள் நிலைப்பாடு.

நடந்தது இதுதான். 2022 மார்ச்சில் வந்த உத்தரப் பிரதேசத் தேர்தல் முடிவில், 403 இடங்களில் பகுஜன் சமாஜ் கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. 2007இல் 206 இடங்களோடு தனித்து ஆட்சி அமைத்த கட்சி அது. பகுஜன் சமாஜ் தோற்றால் மாயாவதியைக் குடியரசுத் தலைவர் ஆக்குவோம் என்று பாஜகவும் ஆர்.எஸ்.எஸ்.ஸும் தன் மக்களிடம் பொய் பரப்பியதாக அவர் குற்றம்சாட்டினார். எந்தக் கட்சி கொடுத்தாலும் அந்தப் பதவியை ஏற்கமாட்டேன், ஏற்றால் இயக்கம் முடிந்துவிடும் என்றார். கான்சிராமும் இதே பதவியை மறுத்தவர் என்று நினைவூட்டினார். அடுத்த மாதம், முதலமைச்சராகவோ பிரதமராகவோ ஆவதே தன் கனவு என்றும் சொன்னார்.

உடனே 'பதவி வெறி' என்று ஏளனம் செய்தார்கள். மற்றவர்கள் பிரதமராக ஆசைப்பட்டால் அது தலைமைப் பண்பு. ஒரு தலித் பெண் ஆசைப்பட்டால் மட்டும் வெறியா? அலங்கார நாற்காலியைக் கைகூப்பி வாங்கிக்கொண்டால் நல்ல தலித், அதிகாரத்தைக் கேட்டால் கெட்ட தலித். இந்தக் கணக்கு நமக்குப் பழகியதுதான்.

அந்த நாற்காலியில் என்ன இருக்கிறது? அரசியல் சட்டத்தின் 74ஆவது உறுப்பைப் படியுங்கள். அமைச்சரவை சொல்வதைக் குடியரசுத் தலைவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் வந்தால் ஏற்றே ஆகவேண்டும். கே.ஆர். நாராயணன் அந்தச் சிறு இடைவெளியைத் துணிவோடு பயன்படுத்தினார். 1998இல் பீகாரில் குடியரசுத் தலைவர் ஆட்சி கோரிய பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். 1999இல் அது மறுபடி வந்தபோது அவரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அவ்வளவு நேர்மையான மனிதருக்கே அதுதான் எல்லை.

ராம்நாத் கோவிந்த் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தலித். 2020 செப்டம்பரில் அதே மாநிலத்தின் ஹாத்ரஸில், நம் பெண்ணின் உடலைக் குடும்பத்தின் சம்மதமின்றிக் காவல்துறை இரவோடு இரவாக எரித்தபோது மாளிகையில் இருந்தவர் அவர்தான். ஒரு முதலமைச்சர் நினைத்தால் அன்றிரவே அந்த அதிகாரிகளைத் தடுத்திருக்க முடியும். குடியரசுத் தலைவரால் முடியாது. பெஹன்ஜி கேட்டது இந்த வித்தியாசத்தைத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் நீர்த்துப்போகச் செய்தது. அப்போதும் தலித் ஒருவரே குடியரசுத் தலைவர். ஏப்ரல் 2 அன்று நம் மக்கள் நாடெங்கும் தெருவில் இறங்கினார்கள், உயிரையும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பறிபோனதைத் திருப்பிக் கொடுத்தது. தெரு பணிய வைத்தது, நாடாளுமன்றம் பணிந்தது. மாளிகையின் பங்கு கடைசிக் கையெழுத்து மட்டுமே.

ஆனால் பெஹன்ஜியிடமும் நமக்குக் கேள்விகள் உண்டு. தனக்கு வேண்டாம் என்று சொன்ன அதே ஆண்டில், பாஜக நிறுத்திய திரௌபதி முர்முவை அவர் கட்சி ஆதரித்தது. தலித் இயக்கத்தை முடித்துவிடும் பதவி, பழங்குடி மக்களுக்கு மட்டும் எப்படி விடுதலை தரும்? 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். குடியரசுத் தலைவர் முர்மு அங்கே இல்லை. அந்த நாற்காலியின் மதிப்பு அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

மாளிகையை மறுத்தவர் மக்களிடம் வந்திருக்க வேண்டும். கான்சிராம் ஊழியர்களைத் திரட்டி பாம்செஃப் கட்டினார், சைக்கிளில் ஊர் ஊராகப் போனார், 1984இல் கட்சி தொடங்கினார். அந்த உழைப்பு நின்றுபோன இடத்தில், 2024 மக்களவைத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. மறுப்பு சரிதான். மறுப்பு மட்டும் ஓட்டாகாது.

தோழர்களே, 2027இல் மீண்டும் குடியரசுத் தலைவர் தேர்தல் வரும். நம் சமூகத்துப் பெயர் ஒன்றைக் காட்டி மறுபடியும் நம்மைக் கைதட்டச் சொல்வார்கள். அப்போது கேளுங்கள்: உள்துறையை எங்களிடம் தருவீர்களா? நிதித்துறையைத் தருவீர்களா? நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களை எப்போது நிரப்புவீர்கள்? பதில் வரும்வரை கைதட்டாதீர்கள்.

ஜெய் பீம்!