சங்கிலியும் கைப்பேசியும்

உடம்புக்குக் காய்ச்சல் என்றால் ஊரறியச் சொல்லுகிறோம். உள்ளத்துக்குக் காய்ச்சல் என்றால் உறவுக்கும் மறைக்கிறோம்! கதவைச் சாத்துகிறோம், கயிறு கட்டுகிறோம், வேப்பிலை அடிக்கிறோம். பேய் என்கிறோம், பில்லி சூனியம் என்கிறோம். பிணி என்று மட்டும் சொல்ல மறுக்கிறோம்.

அந்த மறுப்புக்கு நாம் கொடுத்த விலை என்ன? 2001 ஆகஸ்டு 6, ஏர்வாடி. கொட்டகையில் தீ. ஓடித் தப்பக் கால்கள் இருந்தன, சங்கிலி விடவில்லை. 28 உயிர்கள் கருகின. மனநோயாளியைச் சங்கிலியில் பிணைக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஏட்டில் அறுந்த சங்கிலி வீட்டில் அறுந்ததா?

அறுக்க ஒரு கருவி இன்று நம் கையில் இருக்கிறது. 14416 என்று அழுத்தினால் கட்டணமின்றி ஆலோசகரிடம் பேசலாம். 2022 அக்டோபரில் பிறந்த டெலி மானஸ் திட்டம் இது. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். 2024 அக்டோபரில் டெலி மானஸ் செயலியும் வந்தது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம்!

ஆனால் அந்தச் செயலி முதலில் பேசிய மொழிகள் எவை? ஆங்கிலமும் இந்தியும்! தமிழ் அதில் இடம்பெற 2025 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கண்ணீர் வடிப்பவன் மொழிபெயர்ப்பாளனைத் தேடியா ஓடுவான்? தாயிடம் அழுத மொழியில்தானே நெஞ்சு திறக்கும்?

கண்ணமங்கலம் கடைத்தெருவில் நின்று பாருங்கள். சட்டைப்பைதோறும் கைப்பேசி. நிமிர்ந்தால் சவ்வாது மலை. அங்கே அலை விட்டுவிட்டு வரும் சரிவில் வாழும் அன்னைக்குச் செயலி எதற்குப் பயன்? வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் கணவன் கையில் என்றால், அவள் தன் துயரை யாரிடம் தனித்துச் சொல்வாள்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. தனியார் செயலிகள் அந்தரங்கத்தைக் காக்குமா? பெட்டர்ஹெல்ப் என்னும் நிறுவனம், மனக்குறை சொல்ல வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக முகநூல் முதலியவற்றுக்குத் தந்ததென 2023இல் அமெரிக்க அரசின் வாணிப ஆணையம் குற்றம் சாட்டிற்று. 78 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. கண்ணீரும் கடைச்சரக்கா?

செயலி வாசல், மருத்துவரே வீடு. வேலூர் பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. கண்ணமங்கலத்தில் பேருந்து ஏறினால் போய்விடலாம். மந்திரவாதிக்குக் கொடுக்கும் தட்சணையைப் பேருந்துக்குக் கொடுங்கள் என்கிறோம்!

அரசுக்கும் சொல்லுகிறோம்: மலைக்கு அலைக்கோபுரம் தாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் 14416 என்று பெரிதாக எழுதுங்கள். கிராமச் செவிலியர் குழந்தையின் எடையைக் கேட்கையில் தாயின் தூக்கத்தையும் கேட்கட்டும்.

பேயை ஓட்டப் புறப்பட்ட ஊர், நோயை ஓட்டப் புறப்படட்டும். சங்கிலி பிடித்த கை, எண்ணை அழுத்தட்டும்!