மறுபடியும் அதே உடையா?

நுழையும்முன்

உடை உடலைக் காக்கிறது. உடுத்தியவரின் மதிப்பையும் காக்கிறது என்பர். அம்மதிப்பு புதுமையால் வருகிறதா, பேணுதலால் வருகிறதா? இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை தேடுகிறது.

பிறந்தநாளன்று மட்டும் சீருடைக்கு மாறாக வண்ண உடை அணிந்து வரலாம் என்பது பல பள்ளிகளில் உள்ள வழக்கம். அந்நாளுக்காக ஆண்டு முழுவதும் காத்திருந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தீபாவளிக்கு எடுத்த பாவாடை சட்டையை உடுத்திக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைகிறாள். "மறுபடியும் அதே உடையா?" என்று தோழி ஒருத்தி கேட்கிறாள். கேட்டவள் அதை அன்றே மறந்துவிடுகிறாள், கேட்கப்பட்டவளோ மறப்பதில்லை. மாலையில் அவ்வுடை அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. அது கிழியவில்லை, சாயம் போகவில்லை, அளவும் குறையவில்லை. ஒரு சிறு கேள்வியால் அது பழையதாகிவிட்டது.

நல்ல உடையைப் பழையதாக்கும் ஆற்றல் ஒரு கேள்விக்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்பு தமிழ்க் குடும்பங்களில் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று எனப் புத்தாடை எடுப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவிய பிறகே அதை உடுத்தினர். ஆண்டில் இரு முறை மட்டும் வந்ததால் அம்மகிழ்ச்சி பெரிதாக இருந்தது. அக்காலத்திலும் நாகரிக மோகம் இல்லாமல் இல்லை. 1970களில் இளைஞர்கள் பெல்பாட்டம் கால்சட்டையை விரும்பி அணிந்தனர். 1980களில் நடிகை நதியாவின் பெயரால் கம்மலும் வளையலும் விற்பனையாயின. ஆனால் அந்த அலைகள் வந்து ஓய்வதற்குச் சில ஆண்டுகள் ஆயின. இன்றோ சில வாரங்களுக்கு ஒரு முறை கடைகளில் புதிய வடிவம் வந்து தொங்குகிறது. அது வந்ததும், முன்பு வாங்கியது வழக்கொழிந்ததுபோல் தோன்றத் தொடங்குகிறது.

இம்மாற்றத்தில் கைப்பேசிக்கும் பங்குண்டு. ஒரு திருமணத்துக்கோ விழாவுக்கோ உடுத்திச் சென்ற உடையை முன்பு அங்கு வந்தவர்கள் மட்டுமே பார்த்தனர். இப்போது அது நிழற்படமாகிப் பல வீடுகளுக்குச் செல்கிறது. படத்தில் ஒரு முறை பதிந்த உடை 'பார்த்து முடிந்த' உடையாகக் கருதப்படுகிறது. திரைப்படம் பார்த்து முடிந்த நுழைவுச்சீட்டைப்போல் ஆடையை எண்ணுவது முறையன்று. ஆடை பலமுறை பயன்படுவதற்கென்றே நெய்யப்படுகிறது.

ஓர் ஆடையின் உண்மையான விலை கடைக்காரர் சொல்லும் விலை மட்டுமன்று. அவ்விலையை, அதை உடுத்தும் நாள்களால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 400 ரூபாய்க்கு வாங்கிய சட்டை எட்டு முறை துவைத்ததும் சுருங்கி ஒதுக்கப்படுமாயின், அதை உடுத்திய ஒவ்வொரு நாளுக்கும் ஆன செலவு 50 ரூபாய். 900 ரூபாய்க்கு வாங்கிய உறுதியான சட்டை 90 நாள்கள் உழைக்குமாயின், நாளொன்றுக்கு ஆகும் செலவு 10 ரூபாய். மலிவென்று எண்ணி வாங்கியது ஐந்து மடங்கு விலையுயர்ந்ததாகிவிடுகிறது. எனினும் விலை கூடிய ஆடையெல்லாம் நெடுநாள் உழைக்கும் என்று கொள்ளுதலும் தவறு. நிறுவனத்தின் பெயருக்காகக் கொடுக்கும் பணம் நூலை உறுதியாக்குவதில்லை. ஆகவே துணியைப் பார்த்து அறியும் கண் வேண்டும்.

அக்கண் பழக்கத்தால் வருவது. முதலில் நெசவைப் பார்த்தல் வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகளின் நெருக்கம் தெரியும். ஒரே வகைத் துணிகளுள் இழை நெருங்கியதே பெரும்பாலும் நீண்ட நாள் உழைக்கும். அடுத்து, ஆடையை உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்தல் வேண்டும். தையல் நேராகவும் நெருக்கமாகவும் இருக்கிறதா, ஓரம் பிசிறாமல் அடிக்கப்பட்டிருக்கிறதா, பொத்தான்கள் உறுதியாக நிற்கின்றனவா என்பன கவனிக்கத்தக்கவை. மூன்றாவது அளவு. தோள் தையல் தோள்முனையில் வந்து நிற்கும் சட்டை, எளிய துணியாயினும் எடுப்பாகத் தோன்றும். நான்காவது, ஊரின் தட்பவெப்பம். மும்பையின் புழுக்கத்துக்குப் பருத்தி ஏற்றது. தில்லியின் சனவரிக் குளிருக்குக் கம்பளி வேண்டும். ஊருக்குப் பொருந்தாத உடை எவ்வளவு அழகாயினும் அலமாரியிலேயே தங்கிவிடும்.

நிறத்தைத் தேர்வதிலும் ஒரு கணக்கு உண்டு. வெள்ளை, கருநீலம், பழுப்பு, சாம்பல் ஆகிய அமைதியான நிறங்கள் ஒன்றோடொன்று இணங்குவன. இணங்கும் நிறங்களில் மூன்று சட்டைகளும் மூன்று கால்சட்டைகளும் இருந்தால் ஒன்பது வகையாக மாற்றி உடுத்தலாம். பள்ளி மாணவர்க்கு இதற்கு மேல் தேவை மிகுதியாக இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாள்களை வகுத்துள்ளது. அந்நாள்களில் பகற்பொழுதெல்லாம் சீருடையே உடையாகிறது. எஞ்சிய 145 நாள்களுக்காக அலமாரி நிரம்பி வழிய வேண்டுமா?

வளரும் பிள்ளைக்கு நிலைத்த உடை எங்ஙனம் அமையும் என்று கேட்கலாம். இதற்குத் தையற்காரர்களும் அன்னையரும் முன்பே விடை கண்டிருக்கின்றனர். பாவாடையின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்து, பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவர். கால்சட்டையின் அடியில் மடிப்பு விட்டு வைப்பர். அளவு முற்றிலும் போதாத நாளில் அவ்வுடை தங்கைக்கோ தம்பிக்கோ சென்று சேரும். வட மாநிலங்களில் பழைய கம்பளிச் சட்டையின் நூலைப் பிரித்துச் சுற்றி வைத்து, அதே நூலால் பெரிய அளவில் மறுபடியும் பின்னும் வழக்கம் உண்டு. அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது கற்றுக்கொள்ளத்தக்க கலை.

வாங்குவது ஒரு நாள் வேலை. பேணுவதோ ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. சாயத்துணியை முதன்முறை தனியே நனைத்தல், உட்புறம் வெளிவரத் திருப்பி நிழலில் உலர்த்துதல், அறுந்த பொத்தானை அன்றே தைத்தல், கம்பளியைத் துவைத்துக் காயவைத்த பின்பே பெட்டியில் அடுக்குதல் ஆகியவை செலவில்லாத செயல்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த மாணவனுக்கு ஓர் ஆடையின் ஆயுள் கைவசமாகிறது. இவ்வேலை பெண்களுக்கே உரியது என்று ஒதுக்குவது பொருந்தாது. உடுத்துபவர் எவரோ அவரே பேணவும் கற்றல் வேண்டும்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது தமிழர் அறிந்த பழமொழி. கிழிந்த துணியைக் குறிக்கும் 'கந்தை' என்னும் சொல், 'கந்தா' என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. அதே வடசொல்லிலிருந்தே வங்காளத்தின் 'காந்தா' தையல் பெயர் பெற்றது. அங்குப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சிறு சிறு ஓட்டுத்தையலால் இணைத்து மெத்தென்ற போர்வை ஆக்கினர். இன்று அத்தையல் நாடெங்கும் விரும்பி வாங்கப்படும் கைவினையாக விளங்குகிறது. பழமொழி கந்தையை இழிவென்று சொல்லவில்லை. அழுக்கோடு உடுத்துவதையே விலக்குகிறது. தூய்மையும் ஒழுங்கும் உள்ள இடத்தில் பழமை குறையாவதில்லை.

தேவைக்கு மேல் வாங்கும் ஆடைக்கு வாங்குபவர் மட்டும் விலை கொடுப்பதில்லை. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் ஆறு, பின்னலாடைக்குப் புகழ்பெற்ற திருப்பூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. அந்நகரின் பனியன்களும் சட்டைகளும் இந்தியாவெங்கும் அணியப்படுகின்றன, வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. அவற்றுக்குச் சாயமேற்றிய கழிவுநீர் பல ஆண்டுகள் ஆற்றில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பாசனத்துக்குப் பயன்படாமற் போயிற்று. 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரை முழுவதும் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு அத்தொழில் அதன் பின்னர் மாற வேண்டியதாயிற்று. எட்டு முறை அணிந்து எறியப்படும் சட்டைக்கும் நிறம் ஏற்ற நீர் செலவாகிறது என்பதை அந்த ஆற்றின் கரையில் வாழும் உழவர் நன்கறிவர்.

எறியப்பட்ட துணியும் மறைந்துபோவதில்லை. தில்லிக்கு வடக்கே அரியானாவிலுள்ள பானிப்பட்டு நகருக்கு, உலகின் பல நாடுகள் கழித்த ஆடைகள் வந்து சேர்கின்றன. அங்கு அவை பிரிக்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, மீண்டும் நூலாகிப் போர்வைகளாகின்றன. அது பயனுள்ள தொழிலே. ஆயினும் ஒரு சட்டையைக் கிழித்து நூலாக்குவதைவிட, அதைச் சட்டையாகவே இன்னும் இரண்டு ஆண்டுகள் உடுத்துவது எளிது, சிக்கனமும் ஆகும்.

இக்கருத்துக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. மாதக் கடைசியில் கையில் 300 ரூபாய் மட்டுமே உள்ள குடும்பத்தாரிடம் 900 ரூபாய்ச் சட்டையின் சிறப்பை எடுத்துரைப்பது பொருத்தமன்று. மலிவான ஆடை எளியோர் பலரும் மதிப்போடு உடுத்த வழிசெய்துள்ளது என்பதும் உண்மையே. எனினும் இரண்டு மலிவான சட்டைகளுக்கு ஆகும் பணத்தைச் சேர்த்துவைத்துத் தள்ளுபடிக் காலத்தில் ஓர் உறுதியான சட்டையை வாங்குவது பல குடும்பங்களுக்கு இயலும். தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர்களுக்காக 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தீபாவளிக் காலத்தில் தள்ளுபடி அளிக்கிறது. பிற மாநில நகரங்கள் சிலவற்றிலும் அதன் கடைகள் உள்ளன. மக்கள் குறைவாக வாங்கினால் தொழிலாளர் வாழ்வு என்னாகும் என்பது மற்றொரு மறுப்பு. உறுதியான துணிக்குக் கொடுக்கும் பணம் நெசவாளரையும், பழுது பார்க்கக் கொடுக்கும் பணம் தெருமுனைத் தையற்காரரையும் சென்றடையும் என்பதே அதற்கு விடை. புத்தாடை தரும் மகிழ்ச்சியை எவரும் துறக்க வேண்டியதில்லை. அது எப்போதேனும் வருவதாக இருந்தால்தான் மகிழ்ச்சியாக நிலைக்கும்.

உடை பற்றிய துணிவான முடிவு ஒன்று மதுரையில் எடுக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டு தமிழகப் பயணத்தின்போது, கதர் வாங்கவும் வசதியில்லை என்று ஏழை மக்கள் கூறியதைக் காந்தியடிகள் கேட்டார். செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் தம் மேலாடைகளைத் துறந்து, முழங்காலளவு வேட்டியை உடையாகக் கொண்டார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1931இல், இலண்டனில் பிரித்தானிய மன்னரின் அரண்மனைக்கும் அவர் அவ்வெளிய கோலத்திலேயே சென்றார். எல்லாரும் அவரைப்போல் உடுத்த வேண்டும் என்பது இதன் பொருளன்று. எதை உடுத்துவது என்பதைச் சந்தையோ பிறர் வியப்போ முடிவு செய்ய விடாமல், எண்ணித் தேர்ந்தவர் எங்கும் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

பிறந்தநாள் உடையை அடித்தட்டில் வைத்த அம்மாணவி அதை மீண்டும் எடுக்கலாம். டக் ஒன்றைப் பிரித்துவிட்டால் நீளம் சரியாகிவிடும். அடுத்த விழாவில் தோழி மறுபடியும் கேட்டால், "ஆம், அதே உடைதான், எனக்குப் பிடித்த உடை" என்று சொல்லிவிட்டு விளையாடச் செல்லலாம். அந்த விடையைக் கேட்கும் தோழிக்கும், தன் அலமாரியில் ஒதுக்கி வைத்த ஒன்று நினைவுக்கு வரக்கூடும்.

சொல்லும் பொருளும்

பேணுதல் – கவனித்துக் காத்தல்
மோகம் – மிகுந்த விருப்பம்
வழக்கொழிந்த – பயன்பாட்டிலிருந்து நீங்கிய
எடுப்பாக – பார்வைக்குச் சிறப்பாக
கோலம் – தோற்றம், உடையமைப்பு

சிந்தித்து எழுதுக

1. நல்ல நிலையிலிருந்த உடை எவ்வாறு பழையதாயிற்று? முதற்பத்தியைக் கொண்டு விளக்குக.
2. உங்கள் ஆடை ஒன்றின் விலையை, அதை உடுத்திய நாள்களால் வகுத்துப் பார்க்க. கிடைத்த விடை உங்களுக்கு உணர்த்துவது யாது?
3. உங்கள் வீட்டில் நெடுங்காலமாகப் பேணப்படும் ஓர் உடையைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.
4. கட்டுரையாளர் கருத்தோடு நீங்கள் வேறுபடும் இடம் ஒன்றைக் காரணத்துடன் எழுதுக.